சந்திரமுகி: பொட்டு இடம் மாறினால் சிரிக்கலாம்... நோய் பேயாக மாறினால்?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகும்போது கூட ஒரு பாட்டி வந்தால் போதும். டிசைனைப் பார்ப்பதற்கு முன்னால் புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாக்களை ஓட்டி, இரண்டு நிற ஊடை நூலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி நெய்வதுதான் ‘கோர்வை’. அந்த இடம் பிரிஞ்சு வந்தா, மீதி எவ்வளவு அழகா இருந்தாலும் பாட்டி வாங்க விடமாட்டார்.

சினிமாவிலும் இப்படி ஒரு கோர்வை இருக்கிறது. வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் எடுத்த காட்சிகளை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடந்தது போலச் சேர்ப்பது. சினிமாக்காரர்கள் அதை ‘கன்டினியூட்டி’ என்பார்கள். தியேட்டரில் மட்டும் படம் பார்த்த காலத்தில் அது கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. இப்போது எல்லோர் கையிலும் பாஸ் பட்டன். ‘முந்தைய ஷாட்டில் இருந்த பொட்டு எங்கே போச்சு?’ என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம்.

அப்படி அதிகம் நோண்டப்படும் தமிழ்ப் படங்களில் ஒன்று, 2005 ஏப்ரல் 14-ல் வெளியான ‘சந்திரமுகி’. 20 வருடம் தாண்டியும் டிவியில் போட்டால் சேனல் மாற்ற மனசு வராது. இந்தப் படத்திலும் அதன் சொந்தக்காரப் படங்களிலும் உள்ள பிசகுகள் எப்படி வந்தன, அதில் எது சும்மா சிரிச்சிட்டுப் போகலாம், எதைச் சீரியஸாகப் பார்க்க வேண்டும்?

ஒரே கதை, எத்தனை படம்?

மூலம் 1993 டிசம்பரில் வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டம் எழுத, பாசில் இயக்கினார். மோகன்லால், சுரேஷ் கோபி, ஷோபனா நடித்தனர். ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஆலப்புழா மாவட்டம் முட்டம் பகுதியில், ஆலும்மூட்டில் என்ற பழைய தறவாட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு துயரச் சம்பவம்தான் கதைக்கு விதை.

2004-ல் பி.வாசு இதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார். கங்காவாக நடித்த சௌந்தர்யா அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருடம் அதே வாசு, ரஜினிகாந்தை வைத்து ‘சந்திரமுகி’ எடுத்தார். தயாரிப்பு சிவாஜி புரொடக்‌ஷன்ஸ். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. 2005-லேயே வங்காளத்தில் ‘ராஜ்மஹல்’, 2007-ல் இந்தியில் ‘பூல் புலையா’. ஆக, ஒரே பூட்டிய அறையை ஐந்து மொழிகளில் திறந்துவிட்டார்கள்.

கன்டினியூட்டி தவறு ஏன் வருது?

படத்தைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. அரண்மனை ஹாலில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் ஒரு மூச்சில் எடுத்து முடிப்பார்கள். கதையில் முதல் நாளும் பத்தாவது நாளும் அந்த ஒரே வாரத்துக்குள் வந்துவிடும். ஒரு கதாபாத்திரம் அறைக்குள் நுழைவது இந்த மாதம், வெளியே வருவது அடுத்த மாதம் என்றும் ஆகும். நடுவில் தலையில் வைத்த பூ எத்தனை முழம், முந்தானை எந்தத் தோளில், வளையல் எத்தனை என்பதையெல்லாம் ஓர் உதவி இயக்குநர் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். இன்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. பிலிம் காலத்தில் லேபில் கழுவி வந்த பிறகுதான் தவறே தெரியும். அதற்குள் செட்டைப் பிரித்திருப்பார்கள்.

‘மணிச்சித்திரத்தாழ்’ விஷயத்தில் வேலை இன்னும் சிக்கல். பாசில் ஒரு பக்கம் எடுக்க, பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக் - லால் என்று அப்போதே பெயர் வாங்கிய இயக்குநர்கள் தனித்தனி யூனிட்டாக வேறு காட்சிகளை எடுத்தார்கள். வேணு, ஆனந்தக்குட்டன், சன்னி ஜோசப் என்று கேமராமேன்களும் மூன்று பேர். இவ்வளவு கை பட்டும் படம் ஒரே ஆள் நெய்தது போல இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

எடிட்டிங்கிலும் ஒரு கணக்கு உண்டு. ‘காட்ஃபாதர்’, ‘அபோகலிப்ஸ் நவ்’ படங்களில் வேலை செய்த வால்டர் மர்ச், ஒரு வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம். கதைக்கு 23. காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இடத் தொடர்ச்சிக்குக் கடைசி இடம், வெறும் 4 சதவீதம். அதாவது நடிப்பு பிரமாதமாக வந்த டேக்கில் வளையல் இடம் மாறியிருந்தால், எடிட்டர் வளையலை விட்டுவிட்டு நடிப்பை எடுத்துக்கொள்வார். நீங்கள் பார்க்கும் கன்டினியூட்டி பிசகுகளில் பல, கவனக்குறைவு இல்லை. தெரிந்தே செய்த தேர்வு.

இங்கே காஞ்சிபுரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் ஒரு யூனிட்டை நடத்திய பிரியதர்ஷன்தான் ‘பூல் புலையா’வை இயக்கியவர். அதற்கு அடுத்த வருடம், 2008-ல் டொரண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது அவருடைய ‘காஞ்சிவரம்’. பட்டு நெசவாளி ஒருவர், மகளின் கல்யாணத்துக்காக வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு நூலை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, ரகசியமாகப் புடவை நெய்யும் கதை. சிறந்த படம், சிறந்த நடிகர் (பிரகாஷ்ராஜ்) என இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. அந்த மாதிரிக் கதையில் தறியே ஒரு கடிகாரம். காட்சிக்குக் காட்சி புடவை ஒரு சாணாவது வளர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் மற்ற ஊரில் தப்பிக்கலாம், பிள்ளையார்பாளையத்தில் தப்பிக்க முடியாது.

அரண்மனை ஒன்று, கட்டடம் இரண்டு

‘மணிச்சித்திரத்தாழ்’ மாடம்பள்ளி வீட்டை ஒரே கட்டடம் என்று நினைத்துப் பார்த்திருப்பீர்கள். அது ஒன்றல்ல. திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும், தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுத்தார்கள். முதலாவது கொச்சி அரச குடும்பம் 1865-ல் கட்டியது. இரண்டாவது, அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் மூத்த திருவிதாங்கூர் மர அரண்மனை. இரண்டுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். பத்மநாபபுரம் இருப்பதோ நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் மட்டும் கேரள அரசிடம். கேரளத்தின் மிகப் பிரபலமான ‘பேய் வீட்டின்’ ஒரு பகுதி தமிழ்நாட்டில் நிற்கிறது. இந்தியில் இதே வீடு ஜெய்ப்பூர் அருகே உள்ள சோமு அரண்மனைக்குக் குடிபோனது.

‘சந்திரமுகி’யில் வீட்டின் கதையும் மாறியது. மலையாளத்தில் அது நகுலனின் பூர்வீக வீடு. தமிழில் செந்தில் (பிரபு) விலைக்கு வாங்கும் வேட்டையபுரம் அரண்மனை. சின்ன மாற்றம்தான். ஆனால் குடும்ப ரகசியமாக இருந்த பயம், இதனால் ஊர்க்கதையாகிவிட்டது.

பாம்பு, வேட்டையன்... ரசிகர்களின் கேள்விகள்

‘அந்தப் பாம்பு எதுக்குத்தான் வந்துச்சு?’ சந்திரமுகி பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி இல்லாமல் முடியாது. பூட்டிய அறைப் பக்கம் ஒரு பெரிய பாம்பு அடிக்கடி வருகிறது, போகிறது. கதைக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. இது கன்டினியூட்டி தவறு அல்ல, திரைக்கதை ஓட்டை. ‘ஆப்தமித்ரா’விலிருந்தே கூட வந்த பாம்பு இது. மலையாள மூலத்தில் பூட்டும் ஒரு வதந்தியுமே பயமுறுத்தப் போதுமாக இருந்தன.

இரண்டாவது கேள்வி, ராஜா வேட்டையனும் டாக்டர் சரவணனும் ஏன் ஒரே முகம்? தர்க்கப்படி பதில் இல்லை. ஸ்டார் கணக்குப்படி உண்டு. மலையாளத்தில் மோகன்லால் படத்துக்குள் வரவே வெகுநேரம் ஆகும். ரஜினியை அப்படிக் காக்கவைக்க முடியாது. ஆரம்பத்திலேயே அவருக்கு ஒரு சண்டையும் பாட்டும், பின்பாதியில் ஒரு வில்லன் வேடமும் சேர்ந்தன. அந்த வேட்டையன்தான் இன்றுவரை மீம்களில் வாழ்கிறார்.

இன்னொரு தகவல்: கங்கா வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் சிம்ரன். கர்ப்பமாக இருந்ததால் அவர் விலக, ஜோதிகா வந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

பேய் ஏன் எப்போதும் பக்கத்து மாநில மொழி பேசுது?

மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனக்காரி. கன்னடத்திலும் தமிழிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் மஞ்சுலிகா வங்காளி. ‘பேய்’ எப்போதும் அந்நிய மொழி பேசுகிறது, ஆனால் பார்ப்பவர்களுக்குப் பாதியாவது புரிகிற மொழியாக இருக்கிறது. முழுக்கப் புரிந்தால் பயம் போய்விடும். சுத்தமாகப் புரியாவிட்டால் அவள் படும் வலி போய்ச் சேராது. அதனால் பக்கத்து வீட்டு மொழி.

இந்த மொழி மாற்றத்துக்குப் பின்னால்தான் படத்தின் மிகப் பெரிய திரைமறைவுக் கதை இருக்கிறது. ஷோபனாவின் கங்காவுக்கு மலையாளத்தில் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழ்க் குரலும் அவருடையதுதான் என்று 20 ஆண்டுகளுக்கும் மேல் எல்லோரும் நம்பினார்கள். 2016-ல் பாசில் உண்மையைச் சொன்னார். பாக்யலட்சுமியை வைத்துப் பதிவு செய்த பிறகு, இரண்டு குரலுக்கும் சாயல் ஒன்றாக இருக்கிறது என்று தோன்றியதால், தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவை வைத்து நாகவல்லி பகுதியை மறுபடி பதிவு செய்திருந்தார்கள். ஒரு உடம்பு, இரண்டு குரல். கன்டினியூட்டியை வேண்டுமென்றே உடைத்த இடம் இது. அங்கேதான் படம் ஜெயித்தது. ஆனால் அந்தக் குரலின் சொந்தக்காரருக்கு ஊர் அறிய அங்கீகாரம் கிடைக்க ஒரு தலைமுறை ஆனது.

டாக்டர் சொன்னது சரியா?

இனி பொட்டு, வளையலைத் தாண்டிய தவறுகளுக்கு வரலாம். படத்தில் கங்காவுக்கு வந்திருப்பது ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’. இதைப் பலர் ஸ்கீசோஃப்ரினியா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. ஸ்கீசோஃப்ரினியாவில் இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் உறுதியாவது போன்றவை முக்கியம். கங்காவுக்குக் காட்டப்படுவது, ஒருவருக்குள் வேறு வேறு அடையாளங்கள் மாறி மாறி வரும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-ல் அதன் பெயரையே ‘டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்’ என்று மாற்றியது. 2013-ல் வந்த அதன் கையேடு, சில சமூகங்களில் இது ‘சாமி வந்தது, பேய் பிடித்தது’ என்ற அனுபவமாகவே வெளிப்படலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த அளவுக்கு 1993-ல் எழுதிய மது முட்டத்தின் கதை சரியான பாதையில்தான் போயிருக்கிறது. சின்ன வயதில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த காயத்தை அது காரணமாகக் காட்டுவதும் அப்படித்தான்.

சறுக்குவது முடிவில். சுழலும் பலகையில் ராஜாவுக்குப் பதில் ஒரு பொம்மை, ஒரு வெட்டு, பழி தீர்ந்தது, கங்கா குணமாகிவிட்டாள். நிஜத்தில் ஒரே ராத்திரியில் குணமாவது கிடையாது. நோயாளியின் வேறொரு அடையாளத்தைக் கொலை செய்ய வைத்துத் திருப்திப்படுத்துவதும் சிகிச்சை கிடையாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நடக்கும் பேச்சு சிகிச்சைதான் வழி. கூட மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் அதற்கு மருந்து. இரண்டரை மணி நேரப் படத்தில் இதைக் காட்ட முடியாது என்பது புரிகிறது. ஆனால் ‘ஒரு ஷாக் கொடுத்தா சரியாயிடும்’ என்று வீட்டில் முயற்சி பண்ணிப் பார்க்கிறவர்களுக்கு அது புரிய வேண்டுமே.

எல்லாவற்றிலும் பெரிய கன்டினியூட்டி தவறு

முதல் படம் கடைசியில் அழுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த வீட்டில் பேய் இல்லை, உடம்பு சரியில்லாத ஒரு பெண் இருக்கிறாள். பயந்து ஓட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்க வேண்டும்.

2022-ல் வந்த ‘பூல் புலையா 2’ நிஜப் பேயைக் கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில், அதே பி.வாசு இயக்கத்தில் வந்த ‘சந்திரமுகி 2’-லும் ஆவி நிஜமாகவே வந்து ஒரு பெண்ணின் உடம்பில் இறங்குகிறது. வேட்டையன் ராகவா லாரன்ஸ், சந்திரமுகி கங்கனா ரனாவத் என்று முகங்கள் மாறியதைப் பற்றி நிறையப் பேர் பேசினார்கள். பேய்ப்படம் எடுப்பதில் தப்பும் இல்லை. ஆனால் முதல் பாகத்தில் டாக்டர் ‘இது நோய்’ என்று நிரூபித்த கதையின் தொடர்ச்சியில், அது பேய்தான் என்று ஆனதே? பொட்டு மாறினால் ஒரு ஷாட் கெடும். இதில் கெட்டது முதல் படத்தின் மொத்த அர்த்தமும்.

அது வெறும் சினிமாக் கவலை இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை. ‘பேய் பிடிச்சிருக்கு’ என்ற நம்பிக்கை ஒரு குடும்பத்தை எத்தனை வருடம் தாமதப்படுத்தும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எந்த வகையில் சங்கிலியில் கட்டுவதையும் தடை செய்கிறது.

படம் சரியாகச் சொன்ன ஒன்று

விமர்சகர்கள் கிண்டல் செய்யும் கிளைமாக்ஸில்தான் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் டாக்டர் சன்னி, மந்திரவாதியை விரட்டவில்லை. ‘சந்திரமுகி’யில் சரவணனும் ராமச்சந்திர ஆச்சார்யாவும் சேர்ந்தேதான் திட்டம் போடுகிறார்கள். பூஜை ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம்.

நிஜத்திலும் இந்த இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் சோளிங்கர் நரசிம்மர் கோயிலுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களைக் குடும்பத்தினர் அழைத்துவந்து குளத்தில் நீராட வைப்பது பழைய வழக்கம். அங்கே போகிறவர்களைத் திட்டினால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரப்போவதில்லை. தீ விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏர்வாடியிலேயே, தர்காவுக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு வந்தது அதனால்தான். ‘சாமியையும் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க’ என்பதே அதன் சாரம்.

அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு.

அடுத்த முறை ‘சந்திரமுகி’ ஓடும்போது பூவும் வளையலும் இடம் மாறுவதைத் தாராளமாகக் கண்டுபிடித்து நண்பர்களுக்கு அனுப்பலாம். அது ஜாலியான விளையாட்டு. கூடவே அந்தப் பாட்டி மாதிரி கோர்வை இருக்கும் இடத்தையும் ஒரு தடவை தடவிப் பார்க்கலாம். கங்காவை ‘பேய்’ என்று சொல்லும் ஊரும், ‘நோயாளி’ என்று சொல்லும் டாக்டரும் சேரும் இடம் அது. முதல் படத்தில் அது பிரியவில்லை.